வீட்டுக்குக் கண் முளைத்தால்

'ஸ்மார்ட் கட்டடம்' என்றதும் கொழும்பின் கண்ணாடி மாடிகள்தான் எம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் அதைப் பற்றிய பாடநெறியைப் படித்து முடித்த பின், இது எமது வாசலுக்கும் வரப்போகும் விடயம் என்று உணர்கிறேன். வகுப்பில் பெண்கள் மூவர் மட்டுமே. வயதில் மூத்தவள் நான்.

அடிப்படை எளிமையானது. உணரி கவனிக்கும், கட்டுப்படுத்தி முடிவெடுக்கும், சுவிட்சோ மோட்டரோ அதைச் செய்து முடிக்கும். மனித உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் எப்போதும் வெளிவருகிறது. அதை உணரும் சிறு கருவியை மலசலகூடப் பாதையில் பொருத்தினால், ஆள் நடமாடும்போது மட்டும் மின்குமிழ் எரியும். பழைய 60 வோட் குமிழ் 10 மணித்தியாலம் எரிந்தால் 0.6 அலகு செலவாகும். 9 வோட் எல்.ஈ.டி. குமிழுக்கு 0.09 அலகுதான். உணரியும் சேர்ந்தால் இன்னும் குறையும். தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இது சிக்கனம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

ஆனால் ஒரு நாள் விரிவுரையாளர் பெரிய கட்டடமொன்றின் பதிவுகளைத் திரையில் காட்டினார். யார், எந்த அறைக்கு, எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதெல்லாம் வரிசையாக இருந்தன. பலரும் வியந்தார்கள். எனக்கோ நெஞ்சு படபடத்தது. வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பதிந்து, இரவில் யார் தங்குகிறார்கள் என்று பதில் சொல்லி வாழ்ந்தவர்கள் நாம்.

"சேர், இதை யார் யார் பார்க்கலாம்?" என்று கேட்டேன்.

"அதைக் கட்டடத்தின் சொந்தக்காரர்தான் தீர்மானிப்பார், அக்கா" என்றார்.

நான் பெற்ற பெரிய பாடம் அந்தப் பதில்தான். வெப்ப உணரிக்கு ஆள் இருப்பது மட்டுமே தெரியும், பெயர் தெரியாது. விளக்கு எரிய அது போதும். கமராவும் கைரேகைக் கருவியும் ஆளையே அடையாளம் கண்டு சேமிக்கக் கூடியவை. ஆகவே ஆடைத் தொழிற்சாலையிலோ விடுதியிலோ இவற்றைப் பொருத்தினால் நாம் கேட்க வேண்டியவை மூன்று: எதைப் பதிகிறீர்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? யார் பார்ப்பார்கள்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கே தகவல் திரட்டலாம் என்று எழுதப்பட்டுள்ளது.

நான்காவது கேள்வியும் உண்டு. மின்சாரம் நின்றால் என்ன நடக்கும்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்தோம். மின்காந்தப் பூட்டு, மின்சாரம் நின்றதும் திறந்துகொள்ளும். வேறு சில பூட்டுகளை அப்போது வெளியிலிருந்து திறக்க முடியாது. வீட்டில் எது பொருந்தும் என்பதை முன்பே சிந்திக்க வேண்டும்.

வயரிங் ஆண்களின் வேலை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் கருவியைப் பொருத்தத் தெரிந்தவளுக்கு, எதைப் பொருத்தக் கூடாது என்று சொல்லவும் தெரியும். அதற்காகவே எமது பெண்பிள்ளைகளை இவ்வகுப்புகளுக்கு அனுப்புவோம்.