தாவரவழி மண் தூய்மையாக்கம்

தாவரவழி மண் தூய்மையாக்கம் என்பது காட்மியம், துத்தநாகம், ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்களால் மாசடைந்த மண்ணைத் தாவரங்களைக் கொண்டு தூய்மைப்படுத்தும் முறையாகும். எண்ணெய் போன்ற கரிம மாசுகளை நுண்ணுயிர்கள் சிதைக்கக்கூடும். உலோகங்கள் தனிமங்கள் ஆதலால் சிதைவதில்லை. அவற்றை மண்ணிலிருந்து வெளியேற்றவோ, பரவாமல் மண்ணிலேயே நிலைநிறுத்தவோ மட்டுமே இயலும். இக்கட்டுரை வெளியேற்றும் முறையை விளக்குகிறது.

செயற்படும் விதம்

மண்நீரில் கரைந்துள்ள உலோக அயனிகளை வேர்கள் உறிஞ்சுகின்றன. அவை தண்டு, இலை ஆகியவற்றைச் சென்றடைந்து சேமிக்கப்படுகின்றன. அப்பகுதிகளை அறுவடை செய்து அகற்றும்போது உலோகமும் நிலத்தைவிட்டு நீங்குகிறது.

தாவரத் தேர்வு

சில தாவரங்கள் உலோகங்களை மிக அதிகச் செறிவில் சேர்க்கின்றன. இவை மிகைச்சேர்ப்பிகள் எனப்படுகின்றன. டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி ஆர்செனிக்கை இவ்வாறு சேர்ப்பது 2001 இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் மிகைச்சேர்ப்பிகள் பல சிறியவை, மெதுவாக வளர்பவை. வில்லோ, பாப்லார் மரங்களில் செறிவு குறைவு. ஆனால் அவை விரைந்து வளர்ந்து மிகுந்த விளைச்சல் தருகின்றன. அகற்றப்படும் உலோகத்தின் அளவு, செறிவையும் விளைச்சலையும் பெருக்கினால் கிடைப்பதாகும்.

கெம்பன் பகுதி

பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையிலுள்ள கெம்பன் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1970கள் வரை இயங்கிய துத்தநாக உருக்காலைகளின் புகை, பரந்த வேளாண் நிலங்களில் காட்மியத்தைப் படியச்செய்தது. அங்கு விளையும் காய்கறிகளில் காட்மியம் வரம்பை மீறக்கூடும் என்பதால், உணவல்லாத பயிராக வில்லோ வளர்க்கும் சோதனைகள் நடத்தப்பட்டன. விறகு, நிலவுடைமையாளருக்கு வருவாயும் தரும்.

தேவைப்படும் காலம்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஒரு எக்டேரில் மேல் 20 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 26 இலட்சம் கிலோ. கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியத்தைக் குறைக்க, 5.2 கிலோ காட்மியத்தை அகற்ற வேண்டும். ஆண்டுக்கு 10 டன் உலர் விளைச்சலும், அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் காட்மியமும் இருப்பின், ஆண்டுக்கு 200 கிராமே நீங்கும். ஆகவே 26 ஆண்டுகள் தேவை. மண்ணில் காட்மியம் குறையக் குறைய உறிஞ்சலும் குறையலாம் என்பதால் காலம் மேலும் நீளக்கூடும்.

வரம்புகள்

* வேர் எட்டாத ஆழத்திலுள்ள மாசு நீங்காது.
* உதிரும் இலைகள் உலோகத்தை மீண்டும் மண்ணில் சேர்க்கும்; எனவே இலையுதிர்வுக்கு முன்பே அறுவடை செய்தல் நன்று.
* விறகை எரித்தால் உலோகம் சாம்பலிலும் புகைத்தூசியிலும் செறியும். வடிகட்டி பொருத்திய உலைகளில் எரித்து, சாம்பலைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். அதனை வயலுக்கு எருவாக இட்டால் மாசு மீண்டும் மண்ணை அடையும்.