மஞ்சளின் நிறமும் மழலையின் மதியும்

மஞ்சள் கொள்முதல் செய்வோர் முதலில் நோக்குவது நிறத்தையே. அந்நிறத்தின் பொருட்டு வங்காள தேசத்தில் விளைந்த கேட்டினை, மஞ்சள் பயிரிடும் நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

1980களில் அங்கு பெருவெள்ளம் வந்தபோது, சரிவர உலராத கிழங்குகள் நிறம் மங்கின. அவற்றை விற்றுத் தீர்க்கும்பொருட்டு, மெருகேற்றுமிடங்களில் ஈய குரோமேட் என்னும் மஞ்சள் பொடியைச் சேர்க்கலாயினர். வண்ணப்பூச்சுக்குரிய சரக்கு அது! வெள்ளம் வடிந்தது, வழக்கம் வடியவில்லை.

ஈயம் சிறு குழந்தைகளையே பெரிதும் வாட்டுவது. உட்கொண்ட ஈயத்தைப் பெரியோரைவிட நாலைந்து மடங்கு மிகுதியாக அவர்கள் உடல் ஈர்த்துக்கொள்கிறது. வளரும் மூளை குன்றுகிறது. இழந்த அறிவு மீள்வதில்லை. தீங்கற்றது என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஆகவே கலப்படத்தைக் குறைத்தல் போதாது. அறவே ஒழித்தலே குறிக்கோளாயிற்று.

2019இல் ஆராய்ச்சி முடிவுகள் வெளிவந்ததும், அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விரைந்து செயற்பட்டனர். சந்தைகளில் எச்சரிக்கை அறிக்கைகள் ஒட்டப்பட்டன. டாக்காவின் ஷியாம்பஜாரில் சோதனை நிகழ்த்தி, இரு வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தனர். ஈயம் காணப்பட்ட சந்தை மாதிரிகள் 2019இல் நூற்றுக்கு 47, 2021இல் ஒன்றுமில்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலும் ஈயம் குறைந்தது.

மங்கிய விரலிக்கு விலை குறைகையில் விளைவித்தவர் மனம் நோவதை நாமும் சங்கக் கிட்டங்கிகளில் காண்கிறோம். நன்கு வேகவைத்து, ஈரம் அறவே போகும்வரை களத்தில் உலர்த்துவதே அதற்குப் பரிகாரம். மெருகேற்றக் கூலிக்கு விடும்போது, நிறப்பொடி சேர்க்கலாகாது என்று முன்கூட்டியே எழுதி வாங்குமாறு சங்கங்களுக்கு யோசனை கூறி வருகிறோம்.