கஞ்சி குடித்தவருக்குச் சீனி எங்கிருந்து ஏறியது?

கற்பிட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொவிட் காலத்தில் அவருடைய வாப்பா மூச்சுத் திணறலோடு வைத்தியசாலையில் கிடந்தார். நெடுநாள் சீனி வருத்தக்காரர். வார்டுக்குள் யாரையும் விடாத நாட்கள் அவை. தாதி தொலைபேசியில் சொல்வதுதான் செய்தி. "ரெண்டு நாளா வாப்பா கஞ்சித் தண்ணிதான் குடிச்சார். பிளேன்டீக்குக் கூடச் சீனி போடல்ல. அப்படியிருந்தும் சீனி நானூறைத் தாண்டிட்டு என்றாங்க. சேலைன் ஏத்தினதாலயா?" வாப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். மகளின் சந்தேகம்தான் இன்னும் தேறவில்லை.

சேலைன்மேல் பழி போட வேண்டாம். அதில் கரைந்திருப்பது உப்பு. குளுக்கோஸ் போத்தல் வேறு, அதைச் சீனி ஏறிக் கிடப்பவருக்கு யாரும் காரணமில்லாமல் மாட்டுவதில்லை. வாப்பாவுக்குச் சீனி கொடுத்தது அவருடைய சொந்த ஈரல்தான்.

ஈரல் கதைக்கு முன் ஒன்று: கொவிடும் சீனி வருத்தமும் சேர்ந்து வருவதை இந்தப் புத்தளக் கரை மற்ற ஊர்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. இத்தாலியிலிருந்து உறவுகள் வென்னப்புவைக்கும் சிலாபத்துக்கும் திரும்பிக்கொண்டிருந்த 2020 மார்ச் 18ஆம் திகதி, நாடு முழுவதற்கும் ஊரடங்கு வருமுன்பே, புத்தளம், சிலாபம் பக்கத்துக்கு ஊரடங்கு போட்டார்கள். பத்து நாள் கழித்து, மார்ச் 28இல், இலங்கையின் முதல் கொவிட் மரணம் அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் பதிவானது. இறந்தவர் மாரவில பகுதியைச் சேர்ந்தவர். அவருக்கு நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இருந்ததாக அன்றே அறிவித்தார்கள். அதன்பின் வந்த மரண அறிவித்தல்களிலும் கொவிட் நியூமோனியாவுக்குப் பக்கத்தில் 'நீரிழிவு' என்ற சொல் அடிக்கடி உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சீனி வருத்தக்காரருக்குக் கொரோனா ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் என்று பரவிய பேச்சுக்கு ஆதாரம் மெலிவு. தொற்றியபின் நிலைமை மோசமாகும் என்பதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. இங்கிலாந்தில் முதல் அலையில் வைத்தியசாலைகளில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நீரிழிவு உள்ளவர். பிரான்ஸில் 'கொரோனாடோ' ஆய்வு, நீரிழிவோடு வைத்தியசாலையில் சேர்ந்த 1,317 கொவிட் நோயாளரைப் பின்தொடர்ந்தது. ஏழு நாளுக்குள் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல் இறந்துபோனார்கள். இலங்கையில் வளர்ந்தவர்களில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு என்று 2018-19 தேசிய ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. அதனால் இதை ஊரான் வீட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது.

இனி ஈரலுக்கு வருவோம்.

ஒரு வளர்ந்த மனிதரின் உடம்பில் ஓடும் இரத்தம் சுமார் 5 லீற்றர். அளவு 100 என்று அட்டையில் எழுதினால், அத்தனை இரத்தத்திலும் கரைந்திருக்கும் சீனி 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. நானூறு என்றால் நான்கு தேக்கரண்டி. பட்டினி கிடக்கும் இரவிலும் ஈரல் மணிக்கு ஏறத்தாழ 8 கிராம் சீனியை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. எடுப்பவர்கள் எடுக்காமல் நின்றுவிட்டால் நான்கு தேக்கரண்டி சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

பாலாவிப் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது இலகு. களப்பு நீர் முதலில் பெரிய தேக்கத்துக்கு வருகிறது, அங்கிருந்து வாய்க்கால் வழியாகப் பாத்திகளுக்குப் போகிறது. உடம்பில் ஈரல்தான் தேக்கம், இரத்தம் வாய்க்கால், தசையும் கொழுப்பும் பாத்திகள். இன்சுலின் மடைக்காரர். பாத்தி மடையைத் திறப்பதும் தேக்க மடையைச் சாத்துவதும் அவர் வேலை. சீனி வருத்தக்காரரிடம் மடைக்காரர் ஏற்கெனவே களைத்தவர், மடைப் பலகைகளோ ஊறி இறுகியவை. எப்படியோ மாத்திரை போட்டு ஒப்பேற்றுகிறார்.

நுரையீரலில் வைரஸ் புகுந்ததும் அபாய மணி அடிக்கிறது. கோட்டிசோல், அட்ரினலின், குளுக்ககன் என்று ஓமோன்கள் வரிசையாக வந்து, 'தேக்கத்தைத் திற, பாத்திகளைச் சாத்து' என்று மடைக்காரருக்கு நேர்மாறான கட்டளை போடுகின்றன. இதில் அறிவுகெட்ட செயல் ஒன்றும் இல்லை. காயம்பட்டவன் சாப்பிட மாட்டான், ஆனால் மூளைக்கும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் சீனி வேண்டும். அதற்காகப் பழங்காலத்தில் உடம்பு செய்துவைத்த ஏற்பாடு இது.

தேக்கத்தில் இருக்கும் இருப்போ சுமார் 100 கிராம். ஒரு நாளுக்குள் தீர்ந்துபோக வேண்டியது தீரவில்லை. ஏனென்றால் கோட்டிசோல் தசைப் புரதத்தைக் கரைக்கச் சொல்ல, வருகிற அமினோ அமிலங்களிலிருந்து ஈரல் புதிதாகச் சீனி செய்கிறது. பாத்தியின் வரம்பையே வெட்டித் தேக்கத்தில் கொட்டுகிற வேலை. கடிதத்தின் அடியில் அந்த மகள் எழுதியிருந்தார்: "வாப்பா வரும்போது சாரத்துக்குள்ள தொடை ரெண்டும் குச்சி மாதிரி." அந்தத் தொடையில் ஒரு பங்குதான் நானூறாக ஏறியது.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக ஒரு பத்தி. 1840களின் கடைசியில் பிரான்ஸில் குளோட் பெர்னார், இறைச்சி மட்டும் தின்ற நாயின் ஈரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் சீனியைக் கண்டார். சீனி தட்டிலிருந்துதான் வரும் என்று நம்பியிருந்த காலம் அது. 1921இல் டொரொன்டோவில் இன்சுலின் கிடைத்தது. மீதியை உங்கள் பிள்ளையின் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். தசைக்கும் கொழுப்புக்கும் இன்சுலின் வந்து மடை திறக்க வேண்டும். சில வெண்குருதிக் கலங்களுக்கு அது தேவையில்லை, மடையே இல்லாத பாத்திகள் அவை. வாய்க்காலில் நீர் ஏறினால் அங்கேயும் ஏறும். பிரேசிலின் கம்பினாஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் 'மொனோசைட்' என்ற வெண்குருதிக் கலங்களில் கொரோனா வைரஸை ஏற்றிப் பார்த்தார்கள். குளுக்கோஸைக் கூட்டக் கூட்ட வைரஸும் பெருகியது, கலங்கள் கொட்டும் அழற்சிப் பொருட்களும் பெருகின. அந்தப் பொருட்களில் சில, தம் பங்குக்கு, இன்சுலினை எடுபடாமல் செய்யக்கூடியவை. அதாவது சீனி அழற்சியை மூட்டுகிறது, அழற்சி சீனியை ஏற்றுகிறது. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நடந்த சோதனை இது. மனிதருக்குள்ளும் இதே அளவில் நடக்கிறது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் வார்டில் காண்பதோடு பொருந்துகிறது.

சீனி 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாது. வெளியேறும் சீனி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. கருவாடு போடுகிறவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம், உப்புப் பட்ட மீன் நீர் விடுவதைத் தினமும் பார்க்கிறார்கள். காய்ச்சலிலும் மூச்சு வாங்குவதிலும் காய்ந்த உடம்பு இன்னும் காய்கிறது.

இதற்கு மேல் ஒரு வேடிக்கை. 2020 ஜூனில் இங்கிலாந்தின் 'ரிக்கவரி' ஆய்வு, விலை மலிந்த டெக்ஸாமெதசோன் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகக் காட்டியது. அந்த மருந்து கோட்டிசோலின் முரட்டு அண்ணன், சீனியைத் தாறுமாறாக ஏற்றும். நெருப்பணைக்க வந்த லொறி வரம்பெல்லாம் மிதித்துக்கொண்டு உப்பளத்துக்குள் இறங்குவது மாதிரி. இறங்கத்தான் வேண்டும், பின்னாலேயே மடை பார்க்க ஆள் வேண்டும். அந்த மருந்து கொடுத்தவர்களுக்கு மணிக்கணக்கில் இன்சுலின் ஏற்றியதும் அதனால்தான்.

பரபரப்புக்கும் குறைவிருக்கவில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில், கொரோனாவுக்கு மருந்து என்று பேசப்பட்ட, தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணிக்கு ஆயிரக்கணக்கில் வரிசை நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார், அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. அந்த வரிசையில் எத்தனை சீனி வருத்தக்காரர் தேனுக்குக் கை நீட்டினார்களோ! இன்னொரு பக்கம், வைரஸ் கணையத்தை அழித்துப் புதிதாக நீரிழிவை உண்டாக்குகிறது என்ற தலைப்புச் செய்திகள். 2021இல் நியூயோர்க்கில் நோயாளரைப் பரிசோதித்தவர்கள் கண்டதோ, பெரும்பாலானோரிடம் இன்சுலின் சுரந்துகொண்டிருந்தது, ஆனால் எடுபடவில்லை என்பதுதான். மடைக்காரர் செத்துவிடவில்லை, அவர் குரல் கேட்கவில்லை.

சீனிதான் வில்லன் என்றால் அதை அடியோடு இறக்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். செய்தே பார்த்துவிட்டார்கள். கொவிடுக்கு வெகு முன்பே, 2009இல் வெளியான 'நைஸ்-சுகர்' ஆய்வில் தீவிர சிகிச்சையில் இருந்த ஆறாயிரத்துச் சொச்சம் பேரில், சீனியை 81க்கும் 108க்கும் இடையில் இறுக்கிப் பிடித்த பக்கத்தில்தான் மரணம் கூடியது: 27.5 சதவீதம். 180க்குள் இருந்தால் போதும் என்று விட்ட பக்கத்தில் 24.9. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் 140க்கும் 180க்கும் இடையில் நிறுத்தப் பார்க்கிறார்கள். அங்கே கிடப்பவரின் அளவு 170 என்று தாதி சொன்னால் பதற வேண்டியதில்லை.

கிளினிக் கொப்பியைப் பார்த்து மட்டும் யார் பிழைப்பார் என்று சொல்ல முடியாது. கொரோனாடோ ஆய்வில் மூன்று மாதச் சராசரி அளவு முதல் வாரத்தின் முடிவை முன்கூட்டிக் காட்டவில்லை, உடற்பருமன் காட்டியது. இங்கிலாந்தின் பெரிய கணக்கில் கட்டுப்பாடு கெட்டவர்களுக்கு ஆபத்துக் கூடுதலாகவே தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சீனியை ஒழுங்காக வைத்திருப்பது நல்லது, அது மட்டும் தாயத்து ஆகாது.

கடைசியாக, இந்தக் கரையில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை. காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடப்பவருக்கு, "சாப்பாடே இல்லை, பிறகு எதற்கு ஊசி?" என்று வீட்டார் இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். கொரோனாவோ டெங்குவோ எலிக்காய்ச்சலோ, ஈரலுக்கு எல்லாம் ஒன்றுதான். அது அன்றைக்கும் சீனி செய்யும். நிறுத்த வேண்டிய மாத்திரைகள் சில உண்டு, எவை என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். இன்சுலினை மட்டும் உங்கள் எண்ணத்துக்கு நிறுத்தாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விரலில் குத்தி அளவு பாருங்கள். அளவு 300இல் நின்று வாந்தியும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.