களிமண், விண்கல், உயிர்

உயிரினங்கள் எவ்வாறு மாறி வந்தன என்பதை டார்வினின் கூர்ப்புக் கொள்கை விளக்கினாலும், முதல் உயிர் எங்ஙனம் தோன்றியது என்ற வினா இரசாயனவியலுக்கும் மெய்யியலுக்கும் பொதுவான சிக்கலாகவே நீடித்தது. 1923இல் இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்ற பின்னரே இரசாயனவியலுக்குத் திரும்பிய சிறில் பொன்னம்பெரும, அவ்வினாவையே தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். இலண்டனில் அவருக்குக் கற்பித்த ஜே. டி. பேர்னல், கரையோரக் களிமண்ணின் நுண்பரப்புகளில் கரிம மூலக்கூறுகள் ஒட்டிச் செறிந்ததால் உயிருக்கு முந்திய வினைகள் நிகழ்ந்திருக்கலாம் எனக் கருதியவர். அந்நோக்கில், கரையோர ஊர்களில் காலில் அப்பும் சேறும் ஆராயத்தக்க பொருளே.

1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் அருகே விழுந்த விண்கல்லைப் பொன்னம்பெருமவின் குழு ஆராய்ந்தபோது, புரதங்களின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்கள் அதில் காணப்பட்டன. இவற்றுட் பெரும்பாலானவை இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரு வடிவங்களில் அமையக்கூடியவை. பூமியில் வாழும் உயிர்களின் புரதங்கள் இடக்கை வடிவத்தையே கொண்டிருக்க, விண்கல்லில் இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தமையால், அவை நிலத்தில் விழுந்தபின் கலந்த மாசு அல்ல, விண்வெளியிலேயே உருவானவை என்று 1970இல் அக்குழு அறிவித்தது. அமினோ அமிலம் உயிர் அன்று என்பதை மறந்து, விண்ணில் உயிர் கண்டதாக இதனைப் பேசுவது மிகை. எனினும், தக்க சூழல் வாய்க்குமிடத்துச் சடப்பொருள் உயிரை நோக்கிப் படிப்படியாகச் சிக்கலடையும் என்ற ‘இரசாயனக் கூர்ப்பு’க் கருத்துக்கு இக்கண்டுபிடிப்பு வலுவூட்டியது. உயிர்கள் தம் புரதங்களுக்கு இடக்கை வடிவத்தை மட்டும் ஏற்றது ஏன் என்பது இன்றும் விவாதத்துக்குரியது.