முத்து நகரத்து முட்டைகள்

தூத்துக்குடி என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? முத்து, உப்பு, துறைமுகம், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல். நாவில் ருசியுள்ள நேயராக இருந்தால் மக்ரூனும் சேர்ந்து கொள்ளும். கோழி ஞாபகம் வந்திராது. எனக்கும் வரவில்லை. இத்தனைக்கும் அந்த மக்ரூனே முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்ந்த சமாசாரந்தான்!

நான் திரேஸ்புரத்துக்குப் போனது சங்கு குளிப்பவர்களைப் பார்ப்பதற்காக. போன அன்று காற்று சரியில்லை. கடல் கலங்கிக் கிடந்தது. கலங்கிய நீரில் மூழ்கினால் தன் கையே தனக்குத் தெரியாதாம். ஆகையால் வள்ளங்கள் கரையில் இருந்தன. குளியாட்கள் நிழலில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சந்தில் நின்றேன். வீட்டு வாசலில் ஒரு பஞ்சாரம் கவிழ்த்து வைத்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கோழி என்னைப் பார்த்து உறுமிற்று. ஆம், உறுமிற்று என்றுதான் சொல்ல வேண்டும். அடைக்கோழியின் குரலைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

"கிட்டப் போவாதிய தம்பி, கொத்திரும். அது வாத்து முட்டையில இருக்கு" என்றார் திண்ணையில் இருந்த ஆச்சி.

கோழி எதற்காக வாத்து முட்டையில் இருக்க வேண்டும்? அந்த ஒரு கேள்வியில் என் சங்குக் கட்டுரை போயிற்று. கோழிக் கட்டுரை பிறந்தது.

ஆச்சியின் மாமனார் காலத்தில் இங்கே முத்துக் குளித்தார்கள். அரசாங்கம் நடத்திய அந்த முத்துக் குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்று போயிற்று. கணவர் சங்கு குளித்தவர். மகன் மீன் பிடிக்கிறார். கடலில் வரும் பணம் எத்தனை வந்தாலும் அது ஆண்பிள்ளைப் பணம். வள்ளத்துக்கு, வலைக்கு, எண்ணெய்க்கு என்று கையில் வருமுன்னே அதற்குப் பங்கு போட ஆள் இருக்கும். கோழிக் காசு அப்படியல்ல. அது அஞ்சறைப் பெட்டிக்குள் போகிற காசு. பேத்தியின் நோட்டுப் புத்தகமும் காற்றடிக்கிற நாளின் அரிசியும் அதில்தான் வந்திருக்கின்றன. நாட்டுக் கோழி முட்டைக்குப் பண்ணை முட்டையைவிட இரண்டு பங்கு விலை கொடுக்கத் தெருவிலேயே ஆள் இருக்கிறது.

நாமக்கல்லின் பண்ணைக் கோழி வருஷத்துக்கு முந்நூறு முட்டை இடுகிறது. ஆச்சியின் கோழி அறுபது, எழுபது இட்டால் அதிகம். ஆனால் பண்ணைக் கோழிக்கு அடை காக்கத் தெரியாது. அடை காக்கும் கோழி அத்தனை நாளும் முட்டை இடாமல் உட்கார்ந்து விடுகிறதே என்று, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து, அந்தக் குணத்தையே இனத்திலிருந்து நீக்கி விட்டார்கள். நாட்டுக் கோழி தன் தாய்மையை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் அது முட்டை இடுவதில் சோம்பேறி!

அடை வைப்பதில் ஆச்சிக்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது. ஓலைப்பெட்டியில் மணல், மணலுக்கு மேல் வைக்கோல், அதற்கு மேல் முட்டை. நடுத்தரக் கோழிக்குப் பன்னிரண்டு முட்டை. மேலே வைத்தால் ஓர முட்டைகளுக்குச் சூடு எட்டாது. பெட்டியில் ஓர் இரும்பு ஆணி, ஒரு துண்டு கரி, ஒரு வற்றல் மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், அதைத் தடுக்கத்தான் இவையாம். படித்தவன் என்ற முறையில் நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் விஷயம் முழுப் பொய்யும் அல்ல. இடி இடிக்கும் காலம் புழுக்கமான காலம். அந்த வெப்பத்தில் அடை வைக்குமுன்பே முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு செத்துப் போகிறது. குற்றவாளி இடியல்ல, வெயில். ஆச்சி முட்டைகளை ஈர மணல் பானையில் வைத்து, ஒரு வாரத்துக்கு மேற்பட்டதை அடைக்கு எடுப்பதில்லை. முட்டையைக் காப்பாற்றுவது ஆணியல்ல, அந்தப் பானை. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. ஆணி இருந்துவிட்டுப் போகட்டும்.

கோழி முட்டைக்கு 21 நாள். வாத்து முட்டைக்கு 28. மணிலா வாத்தானால் 35. முட்டைக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 100 டிகிரி பாரன்ஹீட். நம் உடம்பின் சூட்டைவிடச் சற்றே கூடுதல். கோழி அதைத் தன் வயிற்றுத் தோலினால் அறிந்து கொள்கிறது. நாள் முழுவதும் அலகினால் முட்டைகளைப் புரட்டுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு விடும். எகிப்து தேசத்தில் மிகப் பழங்காலத்திலிருந்தே மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்து வந்திருக்கிறார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டை அறிந்தார்களாம். இன்று மின்சாரப் பெட்டிகள் வந்துவிட்டன. சூடு காட்டுவதும் புரட்டுவதும் தாமாகவே நடக்கின்றன. மின்சாரம் நின்றால்தான் சங்கடம். கோழிக்கு அந்தச் சங்கடம் இல்லை.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிலந்தி போல ரத்த நரம்புகள் ஓடுவது தெரியும். தெரியாதது கூமுட்டை. ஆச்சி முன்பு அரிக்கேன் விளக்கில் பார்த்தார். இப்போது பேத்தியின் செல்போன் விளக்கில் பார்க்கிறார்.

வாத்து விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டு வாத்துக்கு முட்டையிடத் தெரிந்த அளவு அடை காக்கத் தெரியாது. வட ஆர்க்காட்டுப் பக்கம் அறுவடையான வயல்களில் சன்யாசி, கீரி என்ற நாட்டு வாத்துகளை மந்தை மந்தையாக மேய்த்துப் போகிறவர்களும், அடைக்குக் கோழியைத்தான் நம்பி வந்திருக்கிறார்கள். கோழிக்கு எண்ணத் தெரியாது. 28 நாளும் பொறுமையாக உட்காரும். ஆனால் தாய் வாத்தாக இருந்தால் நனைந்த உடம்போடு வந்து உட்காரும். முட்டைக்கு அந்த ஈரம் வேண்டும். கோழி நனையாது. ஆகவே கடைசி இரண்டு வாரம் முட்டைகள் மேல் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளிக்க வேண்டும். இன்னொன்று: வாத்து பெரும்பாலும் காலை வேளைக்குள் முட்டையிட்டு விடும். காலை ஒன்பது மணிக்கு முன் கூட்டைத் திறந்து விட்டால், முட்டை பக்கிள் ஓடைக்கரையில் யாருக்கோ கிடைக்கும்!

கடற்கரையில் கோழி வளர்ப்பதில் ஒரு சௌகரியமும் ஓர் அபாயமும் உண்டு. மீன் தலையும் குடலும் நல்ல தீனி. தமிழ்நாட்டுக் கடற்கரையில் விலை போகாத பொடிமீன்கள் காய்ந்து கோழித் தீவனமாக நாமக்கல்லுக்குப் போவது இதற்காகத்தான். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கிளிஞ்சல் கொடுக்கிறது. இடித்துப் போட வேண்டியதுதான். அபாயம் உப்பு. கருவாடு கழுவிய தண்ணீரைக் குஞ்சு குடித்தால் உடம்பில் நீர் கோத்துக் கழிந்து செத்துவிடும். பக்கத்து வீட்டில் எட்டுக் குஞ்சுகள் அப்படிப் போனதை ஆச்சி பார்த்திருக்கிறார். குடத்துத் தண்ணீர் காசு கொடுத்து வாங்கிய நாளிலும் கோழிக்கு நல்ல தண்ணீர்தான் வைத்தாராம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி உங்களுக்கு நினைவிருக்கலாம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. இந்த மாவட்டம் ஒரு வருஷம் முழுவதும் காணும் மழையைவிட அது அதிகம். தூத்துக்குடி நகரத்துத் தெருக்கள் குளங்களாயின. ஆச்சியின் கோழி அன்று அடையில் பதினேழாம் நாள். திண்ணைக்குத் தண்ணீர் ஏறியபோது மகன் ரேஷன் கார்டையும் அடுப்பையும் தூக்கினார். மருமகள் பிள்ளைகளைத் தூக்கினார். ஆச்சி ஓலைப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கோழியை முந்தானையில் சுருட்டி இடுக்கிக்கொண்டு, அடுத்த வீட்டு மாடிப்படியில் ஏறினார். திறந்து திரிந்த கோழிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"புது எடத்துல அது உக்காரல தம்பி. ராத்திரி பூரா முட்டைய என் சேலைக்குள்ள வச்சிருந்தேன். விடியங்காட்டிதான் அதுக்குக் கோவம் தணிஞ்சுது" என்றார்.

பதினேழு நாளான கரு தானே கொஞ்சம் சூடு உண்டாக்கும். சில மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்கும். 21-ஆம் நாள் பன்னிரண்டில் ஏழு பொரித்தன. குஞ்சு வெளியே வருமுன் மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு நாள் தீனி இல்லாவிட்டாலும் பிழைக்கும். அந்த மாடிப்படியில் அதுவும் உதவிற்று. தெருவே வந்து வேடிக்கை பார்த்ததாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அடுத்த கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. முதல் நாள் கோழி தூங்கி விழுந்தது. மறுநாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. பிறகு கழுத்துத் திருகிக்கொண்டது. நான்கு நாளில் அந்த ஏழில் ஆறு போயின. வெள்ளத்துக்குத் தப்பியவை! அதைச் சொல்லும்போது மட்டும் ஆச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராணிக்கெட் என்ற மலை ஊரில் 1927-இல் இந்தியாவில் முதன்முதலாக இந்நோயைக் கண்டார்கள். அதனால் அந்த அழகான ஊருக்கு இந்தப் பொல்லாத புகழ். வந்தபின் மருந்து கிடையாது. வருமுன் தடுப்பு உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரம் மறுபடி. எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. ஊசி மருந்துக்கான வித்து 1940-களில் முக்தேசுவரத்தில், நம் நாட்டிலேயே, உருவானது. வாத்துக்கு இந்த நோய் அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. ஆச்சி வாத்துப் பக்கம் திரும்பியதற்கு அதுவே காரணம். ஆனால் வாத்துக்கென்று வேறு நோய்கள் உண்டு. 2014-இல் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சலில் வாத்து வளர்த்தவர்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

மருந்து இருக்கிறதே, பின் ஏன் கோழிகள் சாகின்றன? தடை விலையில் இல்லை. ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் வரும். ஆச்சியிடம் இருப்பதோ பத்து. குப்பி குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாது. தெருவாகச் சேர்ந்தால்தான் முடியும். கால்நடைத் துறையார் பிப்ரவரியில் இரண்டு வார முகாம் நடத்துகிறார்கள். அந்த முகாமுக்குக் கோழியோடு போகிறவர்கள் போகாதவர்களையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். போகாதவர் வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால், செத்தபின் நஷ்டம் என்று அவசர அவசரமாகப் பாதி விலைக்கு விற்கிறார்கள். வாங்கியவர் அதை அடுத்த தெருவுக்குக் கொண்டு போகிறார். நோயும் கூடவே போகிறது. இதில் யாரைக் குற்றம் சொல்ல? நூறு ரூபாயாவது மிஞ்சட்டும் என்று நினைப்பவரிடம் நாம் என்ன பேசுவது?

ஆச்சி பேசியிருக்கிறார். அந்த ஆறு கோழிகளைப் புதைத்த பிறகு வீடு வீடாகப் போய்த் தலை எண்ணினாராம். சந்தில் மொத்தம் 83 கோழி. பனிக்கட்டி போட்ட மீன் பெட்டியில் குப்பியை வைத்து எடுத்து வர மகன் ஒப்புக்கொண்டார். மீன்காரத் தெருவில் பனிக்கட்டிக்கா பஞ்சம்! இந்த வருஷக் கோடையில் சந்தில் கழிச்சல் இல்லை என்றார். தப்பிய அந்த ஏழாவது குஞ்சுதான் இப்போது பஞ்சாரத்துக்குள் உறுமுகிற கோழி.

"வாத்துக் குஞ்சு தண்ணியக் கண்டா குதிச்சிருமே, கோழி என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"போன தடவ ஓடைக்கரையில நின்னு கத்துன கத்துல மூணு தெரு கூடிருச்சு. இதுக்குன்னே ரெண்டு வாரம் தண்ணிப் பக்கமே விடமாட்டேன். பௌர்ணமிக்கு வச்சேன், அடுத்த பௌர்ணமிக்கு முந்தி ஓடும். வந்து பாருங்க" என்றார் ஆச்சி. பிறகு பஞ்சாரத்தைத் தூக்கி, கோழியின் அடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கதகதப்பாக இருந்தது, வெளிர் நீலம். திருப்பி வைக்கப் போனேன். கொத்திவிட்டது.