நகத்தை நீலமாக்கிய மாத்திரை

வலிப்பு நோய்க்காக ஒரு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நகமும் உதடும் நீலம் பாரித்தன. சிலரின் விழித்திரையிலும் நிறமி படிந்தது. 2011-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற அந்த மருந்தின் பெயர் ரெட்டிகபின். 2013-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. 2017-ல் மருந்து சந்தையை விட்டே போய்விட்டது. ஆனாலும் ஆய்வாளர்கள் அதைக் கைவிடவில்லை. மற்ற வலிப்பு மருந்துகள் தொடாத ஓர் இடத்தை அது தொட்டிருந்தது.

நரம்பணு ஒவ்வொன்றும் ஒரு சின்ன பேட்டரி. ஓய்வாக இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறந்தால் சோடியம் உள்ளே பாயும், அணு துடிக்கும். பொட்டாசியம் வாயில்கள் திறந்தால் பொட்டாசியம் வெளியேறும், அணு அடங்கும். முன்னது ஆக்சிலரேட்டர், பின்னது பிரேக். ஏராளமான நரம்பணுக்கள் கட்டுமீறி ஒரே தாளத்தில் துடிப்பதுதான் வலிப்பு. ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போன்ற பழகிய மருந்துகள் சோடியம் வாயிலை அடக்குகின்றன. ஃபீனோபார்பிட்டோன் போன்றவை, நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்கு வலுச் சேர்க்கின்றன. பொட்டாசியம் பிரேக்கை நேராக அழுத்தும் வலிப்பு மருந்தாக முதலில் அனுமதி பெற்றது ரெட்டிகபின்தான்.

அந்தப் பிரேக்கின் அமைப்பே ஒரு புதிர். பொட்டாசியம் அயனி சோடியம் அயனியைவிடப் பெரியது. அப்படியிருந்தும் பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கிறது இந்த வாயில். எந்தச் சல்லடை இப்படிச் சலிக்கும்? 1998-ல் ராடரிக் மெக்கின்னன் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் வாயிலைப் படிகமாக்கிப் பார்த்து விடை சொன்னார். அயனிகள் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டே உலவுகின்றன. வாயிலின் குறுகிய பகுதியில் நுழைய அந்தப் போர்வையைக் களைய வேண்டும். அங்கே சுவரில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தை நீரைப் போலவே அணைத்துக்கொள்கின்றன. சோடியம் சிறியது, அந்த அணைப்பு அதற்குத் தொளதொளவென்று இருக்கும். அதனால் அது நீரை விட்டு வருவதில்லை. இந்தக் கண்டுபிடிப்புக்காக மெக்கின்னனுக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பொட்டாசியம் வாயில்களில் பல வகை உண்டு. நம் கதைக்குரியதைக் காட்டிக்கொடுத்தது ஒரு தவளை. 1980-ல் டேவிட் பிரவுனும் பால் ஆடம்ஸும் காளைத்தவளையின் நரம்பணுக்களில் விசித்திரமான ஒரு மின்னோட்டத்தைக் கண்டார்கள். அணு துடிக்கத் தயாராகும்போதே அது மெதுவாகத் தலைகாட்டுகிறது. அணுவின் கிளர்ச்சி அடங்கும்வரை ஓய்வதில்லை. காளான் நஞ்சான மஸ்கரினைச் சேர்த்தால் நின்றுவிடுகிறது. எனவே அதற்கு ‘எம் மின்னோட்டம்’ என்று பெயர் வந்தது.

அதற்கும் வலிப்புக்கும் உள்ள உறவைச் சொன்னவை பச்சிளங்குழந்தைகள். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக, பிறந்த முதல் வாரத்திலேயே குழந்தைகளுக்கு வலிப்பு வரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்றுவிடும். 1998-ல் அதன் மூலம் தெரிந்தது. எம் மின்னோட்டத்துக்கான வாயிலைக் கட்டும் கேசிஎன்க்யூ2, கேசிஎன்க்யூ3 என்ற மரபணுக்களில் பிழை இருந்தது. மின்னோட்டத்தில் கால்பங்கு குறைந்தாலே வலிப்புக்குப் போதும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. பிரேக் அறுந்துபோக வேண்டியதில்லை, சற்றுத் தேய்ந்தாலே போதும்.

ரெட்டிகபின் இதையெல்லாம் அறிந்து செய்யப்பட்டதல்ல. ஃபுளுபிர்ட்டின் என்ற ஜெர்மானிய வலிநிவாரணியை மாற்றியமைத்துப் பிறந்தது. விலங்குகளில் வலிப்பை அடக்குகிறது என்பது முதலில் தெரிந்தது. எப்படி என்பது 2000-ஐ ஒட்டித்தான் தெரிந்தது. வாயிலின் பக்கவாட்டுக் குழி ஒன்றில் போய் அமர்ந்து, கதவு சாத்தாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது அது.

சிக்கல்கள் பின்னால் வந்தன. இதே குடும்பத்து வாயில்கள் சிறுநீர்ப்பையின் தசையிலும் இருப்பதால் சிலருக்குச் சிறுநீர் பிரியாமல் நின்றது. நீலம் வேறு கதை. ரெட்டிகபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து சாயமாகி, தோலின் கருநிறமியில் ஒட்டிக்கொண்டன என்கிறார்கள் வேதியியலாளர்கள். அதாவது பிழை அந்த மூலக்கூறில் இருந்தது. பிரேக்கை அழுத்தும் யோசனையில் அல்ல.

இந்த நம்பிக்கையில் உருவானதுதான் கனடாவின் ஸீனான் நிறுவனத்தின் அசெட்டுகால்னர். வேறு மருந்துகளுக்கு அடங்காத வலிப்புள்ள 325 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வெளியானது. நாள்தோறும் 25 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு வலிப்பு எண்ணிக்கையின் இடைநிலைக் குறைவு 52.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 18.2 சதவீதம். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் பலருக்கு இருந்தன, நீலம் தென்படவில்லை. ஆனால் இந்தச் சோதனை நடந்தது எட்டு வாரம். ரெட்டிகபினின் நீலம் வெளிப்பட ஆண்டுகள் பிடித்தன. இறுதித் தீர்ப்பைக் காலம்தான் சொல்ல வேண்டும்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்போதுள்ள மருந்துகள் முழுப்பலன் தருவதில்லை. காத்திருப்பவர்களுக்கு எந்தச் செய்தியும் ஆசை காட்டும். கொத்தமல்லித் தழையில் உள்ள ஒரு பொருளும் இதே வாயிலைத் திறக்கிறது, எலிகளில் வலிப்பைத் தள்ளிப்போடுகிறது என்று கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2019-ல் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு மாத்திரைக்குப் பதில் சட்னி அரைக்க வேண்டாம். சாப்பிட்டுவரும் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே வலிப்பை வரவழைக்கும். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள்.