பார்த்து எழுதும் குழந்தை, சொன்னால் எழுதத் தடுமாறுவது ஏன்?

"நோட்டுல மணிமணியா எழுதுறான். ஆனா சொன்னா எழுத வரலையே!" அரிமளம் பக்கம் மட்டுமல்ல, தொடக்கப் பள்ளிக் குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய புலம்பல் இது.

பார்த்து எழுதுவது கண்ணும் கையும் செய்யும் வேலை. கேட்டு எழுத, ஒலியை எழுத்தாக்கத் தெரிய வேண்டும். சொந்தமாக எழுத, சொல்வதற்கு ஒரு சங்கதியும் வேண்டும். முதலாவது வந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக வரும் என்று நினைத்து, 'பத்து தடவை எழுது' என்று உட்கார வைத்துவிடுகிறோம். பத்தாவது வரியில் கை மட்டும்தான் ஓடும்.

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் மலைப்பாக இருக்கும். உண்மையில் 12 உயிர், 18 மெய், சில குறியீடுகள், ஒரு ஆய்தம், அவ்வளவுதான். குழந்தைகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் கொம்பில். 'கோழி' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'க்'. எழுதும்போதோ இரட்டைக் கொம்பு முந்திக்கொள்கிறது. துணைக்கால் கடைசியில் வருகிறது. பிள்ளை 'கேழி' என்று எழுதினால் அது கவனக்குறைவு அல்ல, பாதி தூரம் சரியாக வந்திருக்கிறது. கு, சு, து, நு என உகர வரிசையில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதும் இப்படித்தான். 'கோ... ழி' என்று இழுத்துச் சொல்லி, ஒவ்வோர் ஒலிக்கும் என்ன எழுத்து என்று கேட்டு எழுத வைப்பது இம்போசிஷனைவிட உதவும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1991-ல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் ஏராளமான கிராமத்துப் பெண்கள் எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கற்றார்கள். அன்றாடம் புழங்கும் சொற்களில் இருந்தே அவர்களுக்கு எழுத்து அறிமுகமானது. அவர்களில் பலர் இன்று அப்பத்தா, அம்மாச்சி. பேரப்பிள்ளையிடம் கடைச் சிட்டையை எழுதச் சொல்ல அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'துதிக்கை' வைத்த னை, லை எழுதிப் பழகிய பெரியவர்கள் மட்டும் புது வடிவத்தையே காட்டட்டும்.)

இன்னொரு தடை, பேச்சுத் தமிழ். 'நேத்து கம்மாயில மீன் புடிச்சோம்' என்று குழந்தை எழுதினால், உடனே சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம். மீனைப் பற்றி இன்னொரு வரி கேளுங்கள். பிறகு 'புடிச்சோம்' புத்தகத்தில் எப்படி இருக்கும் என்று பேசலாம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு திருத்தம் போதும்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. உங்கள் பிள்ளை எந்த நிலை என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வீட்டுப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. அரும்பில் இருக்கும் பிள்ளையிடம் கட்டுரை கேட்டால் அழுகைதான் மிஞ்சும்.

கை சீக்கிரம் வலிக்கிறது என்றால் விரல்களுக்கு வேலை கொடுங்கள்: புளியங்கொட்டை பொறுக்குவது, பூக் கட்டுவது, கோலப்புள்ளி வைப்பது.

எழுத்தைத் திருப்பிப் போடுவது சின்ன வயதில் சகஜம். எட்டு வயதைத் தாண்டியும் தொடர்ந்தால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். பிறகு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். கற்றல் குறைபாடு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று அடித்துத் திருத்த முடியாது.